தேநீர் ஊறுவதற்குள் வந்த பச்சை

ஹென்னிங்குக்குத் தெரிந்த ஒரே பதில் "பரவால்ல." நாற்காலியின் கால் உடைந்துவிட்டதா, பரவால்ல. அவன் விடுமுறை நாளில் இன்னொருவன் விடுமுறை எடுத்துக்கொண்டு போய்விட்டானா, பரவால்ல. ஒருமுறை கால்வாய்க் கரையில் ஒரு நாய் பாய்ந்து அவன் கால்சட்டையைக் கிழித்தது. சொந்தக்காரி பதறிக்கொண்டு ஓடிவருகிறாள், இவன் குனிந்து அந்த நாயிடம் "பரவால்ல" என்கிறான். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நாய்க்குப் பதில் நானே இவனைக் கடிக்கலாம் போல வந்தது எனக்கு.

என் பெயர் வீப்கே. பெர்லினில், நொய்க்கோல்ன் பக்கம், ஒரு பின்கட்டுக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் அலுவலகம். மற்றவர்கள் கணினி நிரல் எழுதுவார்கள். அதை வெளியே விடலாமா கூடாதா என்று சொல்வது என் வேலை. பெரும்பாலும் கூடாது என்றே சொல்வதால் எனக்கு இங்கே அவ்வளவு நல்ல பெயர் கிடையாது. நான் ஜெர்மனியின் வடகடல் ஓரத்துக் கிழக்கு ஃப்ரீஸ்லாந்துக்காரி. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தேநீர் விஷயத்தில் மட்டும்தான் பொறுமை உண்டு.

நாங்கள் நடத்துவது ஒரு பிளாக்செயின், தகவல்களைச் சங்கிலியாகக் கோத்து வைக்கும் கணக்கேடு. அப்படிச் சொன்னதும் பளபளக்கும் காரில் வந்து இறங்கும் ஆசாமிகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் சங்கிலி சின்னது, சாது. கூரையில் சூரியத் தகடு போட்ட குடியிருப்புச் சங்கங்கள், எந்த வீட்டுக்கு எவ்வளவு மின்சாரப் பங்கு, யாருக்குச் சங்கத்தில் ஓட்டு என்பதை இதில் வைத்திருக்கின்றன. அது ஒரு கணினியில் இல்லை. சங்கங்களின் நிலவறைகளிலும் சைக்கிள் அறைகளிலும் முனகிக்கொண்டிருக்கும் நூற்றுக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரி இருக்கிறது. அதனால் யாரும் திருட்டுத்தனமாக எதையும் மாற்ற முடியாது. அதே காரணத்தால், தப்பு நடந்துவிட்டால் சத்தமில்லாமல் திருத்தவும் முடியாது.

விதிகளை மாற்றும்போதுதான் வம்பு. சங்கிலி நமக்காக நிற்காது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய விதிகளை எடுத்துவிட்டுப் புதிய விதிகளைப் போட வேண்டும். அந்த ஒரு கணத்தில் பழைய அலமாரியில் இருக்கும் தகவல் அத்தனையும் புதிய அலமாரிக்குப் போய்ச் சேர வேண்டும். இதற்கு நாங்கள் இடமாற்றம் என்று பெயர் வைத்திருக்கிறோம். வீடு மாற்றியவர்களுக்குத் தெரியும், எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஏதோ ஒரு பெட்டி வந்து சேராது.

அந்த ஒரு பெட்டியைத் தேடுவதற்கென்றே பிறந்தவள் கேத்தோ. ஜார்ஜியாவில் குட்டாயிசியைச் சேர்ந்தவள். முழுப் பெயர் கேத்தெவான். முழுப் பெயரில் கூப்பிட்டால் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வாள். ஆறு வருடமாக ஹென்னிங்குக்கு எதிர் மேசை.

எங்கள் தொழிலில் சோதனைக்கென்று இரண்டு ஆட்கள் உண்டு, ஆலிஸ் என்றும் பாப் என்றும். உலகம் முழுவதும் இதே இருவர்தான். புதிதாக எதை எழுதினாலும் ஆலிஸ் பாபுக்கு ஏதோ கொடுப்பாள், பாப் வாங்கிக்கொள்வான், சோதனை முடிந்தது, பச்சை விளக்கு. கேத்தோவுக்கு இந்த ஜோடியைக் கண்டாலே ஆகாது.

"அவங்களை வச்சுப் பாத்தா எல்லாமே சரியாத்தான் வரும் யோரிஸ்," என்றாள் ஒரு கூட்டத்தில். யோரிஸ் எங்கள் மேலாளர், நெதர்லாந்துக்காரர், கூட்டத்திலும் ரொட்டியில் சாக்லேட் துருவல் தூவித் தின்பவர். "ஆலிஸ் வீடு காலி பண்ண மாட்டா. பாப் பொண்டாட்டியோட சண்டை போட மாட்டான். ரெண்டு பேரும் சாகவே மாட்டாங்க. நம்ம சங்கத்துல இருக்கறவங்க நிஜ மனுஷங்க. அவங்க தகவல வச்சுத்தான் ஒத்திகை பாக்கணும்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்தான். யாரு ஒரு வரி மாத்தினாலும் அது தானா ஓடணும். யாரும் ஞாபகம் வச்சுக்கிட்டு அமுக்கற மாதிரி இருந்தா ஒருத்தரும் அமுக்க மாட்டீங்க, எனக்குத் தெரியாதா உங்கள?"

அப்படித்தான் அதைக் கட்டினாள். யாராவது ஒரு மாற்றத்தை அனுப்பினால் போதும், சோதனை எந்திரம் உயிரோடு ஓடும் சங்கிலியின் முழு நகலை இறக்கிக்கொள்ளும். அதன்மேல் புதிய விதிகளைப் போட்டு இடமாற்றத்தை நடத்திப் பார்க்கும். போவதற்கு முன் எத்தனை உறுப்பினர்கள், போன பிறகு எத்தனை என்று எண்ணும். ஒத்துப்போனால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. சிவப்பு வந்தால் நானே நினைத்தாலும் வெளியே விட முடியாது. இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மற்றவர்களுக்குத்தான் பிடிக்கவில்லை. நகலை இறக்கவே அத்தனை நேரம் ஆனது. ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். அதற்குக் 'கேத்தோவின் மதியச் சாப்பாடு' என்று பெயர் வைத்து அவள் காதுபடவே கிண்டல் செய்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் சிரித்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். அதை நான் பார்த்தேன், ஹென்னிங்கும் பார்த்தான்.

பிறகு ஜனவரியில் அவள் காய்ச்சலாகப் படுத்திருந்த வாரத்தில் திடீரென்று சோதனை வேகமாகிவிட்டது. யோரிஸ் அப்போதுதான் பெரிய கணினி வாங்கியிருந்தார், அதனால்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். திரும்பி வந்தபோது அவளைப் பாராட்டினார்கள். பச்சை, பச்சை, பச்சை. அவள் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

ஹென்னிங்கைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். என் சன்னலிலிருந்து பின்கட்டு முற்றம் தெரியும், சைக்கிள்கள் அங்கேதான் நிற்கும். திங்கட்கிழமை காலையில் ஹென்னிங் முதல் ஆளாக வருவான். கேத்தோ வந்து சைக்கிளைப் பூட்டிவிட்டு மேலே ஏறியதும், குப்பை போடப் போகிறவன் போலக் கீழே இறங்குவான். கோட்டுக்குள்ளிருந்து ஒரு காற்றுப் பம்பை எடுப்பான். அவளுடைய இரண்டு டயருக்கும் காற்று அடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்து உட்காருவான். ஒரு வார்த்தை கிடையாது. அவளோ என்னிடம் வந்து, "இந்த டயர் மாதிரி வராது வீப்கே. வாங்கினதுலேந்து காத்தே அடிச்சதில்ல, தெரியுமா?" என்பாள். நான் தேநீரை உறிஞ்சிக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டுவேன்.

அவனுக்கு அவளைப் பிடிக்கும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? எங்கள் மாடியில் அது தெரியாத ஒரே ஆள் அவள்தான் என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை அவள் என் மேசையோரம் வந்து உட்கார்ந்தாள்.

"லிஸ்பன்ல ஒரு வேலை வந்திருக்கு. புதன்கிழமை சாயந்திரத்துக்குள்ள பதில் சொல்லணும்."

"நல்ல வேலையா?"

"நல்ல வேலைதான். கடல் இருக்கு, வெயில் இருக்கு. இங்க பாரு, மூணு மாசமா வானமே விடியல." எதிர் மேசையைப் பார்த்தாள். ஹென்னிங் பருப்புச் சூப் வாங்கப் போயிருந்தான். "இங்க என்னைப் போகாதேன்னு சொல்ல ஒரு ஆளாவது இருக்கானு பாக்கறேன்."

"நான் சொல்றேன். போகாத."

"நீ எல்லாத்தையும் வேணாம்னுதான் சொல்லுவ. அது உன் உத்தியோகம்."

சூப்போடு ஹென்னிங் வந்தான். அவளுடைய கிண்ணத்தில் எலுமிச்சையை அவனே பிழிந்து வைத்தான். அவள் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். நான் திரையைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்து காதைத் தீட்டி வைத்துக்கொண்டேன். அவன் எலுமிச்சைத் தோலை எடுத்துக் காகிதத்தில் சுற்றினான். பிறகு, "லிஸ்பன் நல்ல ஊராச்சே. பரவால்ல, போயிட்டு வா," என்றான்.

"போயிட்டு வர்றதுக்கு நான் என்ன சுற்றுலாவா போறேன்? அங்கயே இருக்கப் போறேன்."

"ம். இங்க நாங்க பாத்துக்கறோம். பரவால்ல."

அவள் சூப்பைக் குடித்து முடித்தாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள், கோபம் வந்தால் அப்படித்தான் சாப்பிடுவாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இவனை முற்றத்தில் சைக்கிளோடு சேர்த்துக் கட்டி வைக்கலாமா என்றிருந்தது.

அந்த வாரம்தான் பெரிய மாற்றம் வெளியாக வேண்டிய வாரம். இதுவரை சங்கத்தின் மூலம்தான் தன் மின்சாரப் பங்கைப் பக்கத்து வீட்டுக்கு விட்டுக்கொடுக்க முடிந்தது; இனி நேரடியாகவே கொடுக்க வழி செய்யும் புதிய விதி. ஹென்னிங் இலையுதிர் காலம் முழுவதும் உட்கார்ந்து எழுதியது. சங்கங்கள் எல்லாம் ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டாகிவிட்டது. வியாழன் நண்பகலில் அது தானாக நடைமுறைக்கு வந்துவிடும். அதற்குமுன் முன்மொழிந்தவனே எல்லோர் முன்னாலும் திரும்பப் பெற்றால்தான் நிற்கும். முன்மொழிந்தவன் ஹென்னிங்.

புதன்கிழமை மதியம் கடைசியாக ஒருமுறை சோதனையை ஓட்டிப் பார்த்துவிட்டு என் சம்மதத்தைக் குறிக்கலாம் என்று பொத்தானை அமுக்கினேன். அமுக்கிவிட்டுத் தேநீர் போட்டேன். எங்கள் ஊர் முறை உங்களுக்குத் தெரிந்திருக்காது. கெண்டியில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி, அது ஊறும்வரை பேசாமல் இருக்க வேண்டும். கோப்பையின் அடியில் ஒரு பெரிய கற்கண்டு. அதன்மேல் சூடான தேநீரை ஊற்றினால் படீரென்று விரியும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே நான் தேநீர் குடிக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

கெண்டியை எடுக்கக்கூட இல்லை, திரையில் பச்சை வந்துவிட்டது.

பார்த்துக்கொண்டே இருந்தேன். வேகமான கணினிதான், சரி. ஆனாலும் நாட்டில் உள்ள அத்தனை சங்கங்களின் அத்தனை வீடுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் புதிய அலமாரியில் வைக்க வேண்டிய வேலை இது. தேநீர் ஊறுவதற்குள் எப்படி முடியும்? மறுபடி அமுக்கினேன். மறுபடியும் உடனே பச்சை.

"கேத்தோ, இங்க வா."

"என்ன, பச்சைதானே?"

"பச்சைதான். அதான் வரச் சொல்றேன்."

அவள் வந்து குனிந்து, எந்திரம் எழுதி வைத்திருந்த வரிகளை மேலிருந்து கீழே ஓட்டினாள். நடுவில் ஒரு வரியில் நின்றாள். 'தகவல் ஏற்கெனவே புதிய வடிவில் உள்ளது. செய்ய வேண்டியது எதுவும் இல்லை.' அதற்குக் கீழே: 'முன்பும் பின்பும் எண்ணிக்கை ஒன்றே. தேர்ச்சி.'

"ஒண்ணுமே செய்யல," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "வீப்கே, இது ஒண்ணுமே செய்யாமப் பச்சை காட்டியிருக்கு. ஏற்கெனவே நடந்து முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு வெறுங்கைய வீசிட்டு வந்திருக்கு."

"எப்படி நடந்து முடியும்? நாளைக்குத்தானே நடக்கணும்?"

அவள் என் விசைப்பலகையைப் பிடுங்கிக்கொண்டாள். சோதனை எந்திரத்தின் நிரலில் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று பின்னோக்கிப் போனாள். அவளுக்குக் காய்ச்சல் அடித்த வாரம். 'சோதனையைக் கொஞ்சம் வேகமாக்கியிருக்கிறேன்' என்று ஒரு சின்ன மாற்றம். யோரிஸ் ரயிலில் இருந்தபடியே, படித்துக்கூடப் பார்க்காமல், கட்டைவிரலை உயர்த்தி ஒப்புதல் கொடுத்திருந்தார். எழுதியவன் ஹென்னிங்.

ஒவ்வொரு தடவையும் நகலை இறக்கினால்தானே நேரம் ஆகிறது? ஒருதடவை இறக்கியதைச் சேமித்து வைத்து அதையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி செய்திருக்கிறான். எண்ணம் நல்லதுதான். ஆனால் சேமித்த இடம் தப்பு. இடமாற்றம் நடப்பதற்கு முன் சேமிக்க வேண்டியதை நடந்து முடிந்த பின் சேமித்துவிட்டான். முதல் நாள் ஒத்திகை உண்மையாகவே நடந்தது, உண்மையாகவே தேறியது. அதற்கு மறுநாளிலிருந்து சோதனை எந்திரம் எடுத்துப் பார்த்த நகல் எல்லாம் ஏற்கெனவே வீடு மாற்றி முடித்த நகல். அது ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து பார்த்து, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டது. அந்த முதல் நாளுக்குப் பிறகு ஹென்னிங் இடமாற்ற நிரலில் எழுதிய எதையும் அது தொட்டே பார்க்கவில்லை.

கேத்தோ அந்தச் சேமிப்பை அழித்தாள். உயிருள்ள சங்கிலியிலிருந்து புதிய நகல் இறங்கத் தொடங்கியது. இந்தமுறை என் தேநீர் ஊறி, நான் குடித்து, கற்கண்டும் கரைந்து, இரண்டாவது கோப்பையும் ஆனது. கேத்தோ எழுந்திருக்கவே இல்லை.

சிவப்பு.

போவதற்கு முன் இருந்தவர்களில் நாற்பது சொச்சம் பேர் வந்து சேரவில்லை. எல்லோரும் ஒரே வகை. தங்கள் பங்கு மின்சாரம் முழுவதையும் பக்கத்து வீட்டுக்கு விட்டுக்கொடுத்துவிட்டவர்கள். பங்கு பூஜ்யம், ஆனால் உறுப்பினர்கள். அவர்களுக்கு ஓட்டு உண்டு, கூட்டத்தில் நாற்காலி உண்டு. பங்கு பூஜ்யம் என்றால் காலி வீடு என்று நினைத்து, அலமாரி சுத்தமாக இருக்கட்டும் என்று ஹென்னிங் அந்த முதல் நாளுக்குப் பிறகு சேர்த்த ஒரு வரி அவர்களைத் துடைத்துப் போட்டுவிட்டது. நாளை நண்பகலில் நிஜமாகவே துடைத்துப் போட்டிருக்கும்.

அந்த நேரம் பார்த்து ஹென்னிங் பல் மருத்துவரிடமிருந்து ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போய் வந்து சேர்ந்தான். கேத்தோ திரையைத் திருப்பிக் காட்டினாள். அவன் நின்றபடியே படித்தான்.

"நீயா இதைப் பண்ணின?"

"எல்லாரும் மதியச் சாப்பாடு, மதியச் சாப்பாடுன்னு உன்னைக் கேலி பண்ணாங்க," என்றான். கன்னம் மரத்திருந்ததால் வார்த்தைகள் கோணிக்கொண்டு வந்தன. "நீ படுத்திருந்த. வர்றப்போ வேகமா இருந்தா சந்தோஷப்படுவேன்னு..."

"சந்தோஷமாத்தான் இருந்தேன்! மூணு வாரமா முட்டாள் மாதிரி சந்தோஷமா இருந்தேன்! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த நிமிஷமே சொல்லியிருப்பேனே, முன்னாடி சேமிக்கணும், பின்னாடி இல்லன்னு. வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா உனக்கு?"

"பர..." என்று ஆரம்பித்தான்.

"அதைச் சொன்னா இந்தக் கெண்டியைத் தூக்கி உன் தலையில போடுவேன்."

என் கெண்டி. நான் அதைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"வேற என்னல்லாம் எனக்குத் தெரியாம பண்ணியிருக்க? சொல்லு. இன்னிக்கே எல்லாத்தையும் சொல்லிடு."

ஹென்னிங் தரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் சன்னலைப் பார்த்தேன்.

"டயர்," என்றான்.

"என்ன டயர்?"

"உன் சைக்கிள் டயர். திங்கக்கெழமை காத்து அடிப்பேன்."

கேத்தோவின் முகத்தில் கோபமும் வேறொன்றும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. கடைசியில் திரும்பி என் மேல் பாய்ந்தாள். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றேன்.

"நல்ல டயர், நல்ல டயர்னு நான் சொன்னப்பல்லாம் தலையாட்டினியே!"

"நல்ல டயர்தானே. யாரு இல்லன்னா?"

சத்தம் கேட்டு யோரிஸ் கையில் ரொட்டித் தட்டோடு எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னோம். அவர் கெட்டவர் இல்லை; ஆனால் பத்திரிகைக்காரர் ஒருவரை நாளை மதியத்துக்கு வரச் சொல்லியிருந்தார், எங்களுக்கும் தெரியும்.

"நாப்பது பேர்தானே," என்றார். "ஒண்ணு செய்யலாம். நாளைக்கு நடக்கறது நடக்கட்டும். அப்புறம் அடுத்த ஓட்டுல அந்த நாப்பது பேரையும் மறுபடி சேத்துடலாம். அவங்களுக்குத்தான் பங்கே இல்லையே, மின்சாரம் ஒண்ணும் நிக்கப் போறதில்ல. யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. என்ன ஹென்னிங், பரவால்லதானே?"

அந்தச் சொல்லை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். அவன் செய்ய வேண்டியதெல்லாம் அதை வாங்கித் திருப்பிச் சொல்வது மட்டும்தான்.

ஹென்னிங் திரையில் இருந்த பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேத்தோ அவனைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள், "தனக்குன்னு ஒண்ணும் கேக்கலங்கறதுக்காக ஆளே இல்லன்னு எழுதிட்டியே ஹென்னிங்."

அது அவனுக்கு எங்கே போய்த் தைத்தது என்பது எனக்குத் தெரிந்தது. மரத்துப்போன கன்னத்தை ஒருமுறை தடவிக்கொண்டான்.

"பரவால்ல இல்ல," என்றான்.

யோரிஸுக்குப் புரியவில்லை. "என்ன இல்ல?"

"பரவால்ல, இல்ல. விட முடியாது. அவங்க இருக்காங்க. நான் திரும்ப வாங்கிக்கறேன்."

உட்கார்ந்தான். எல்லாச் சங்கங்களும் படிக்கும் பொது இடத்தில் அவன் எழுதியதை நான் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தேன். 'நாளை நடக்கவிருந்த மாற்றத்தைத் திரும்பப் பெறுகிறேன். என் நிரலில் பிழை இருக்கிறது. தங்கள் பங்கை மற்றவருக்குக் கொடுத்துவிட்ட நாற்பது சொச்சம் பேரை அது நீக்கிவிடும். சோதனையிலும் நான்தான் குழப்பம் செய்தேன். கேத்தெவானின் சோதனை சரியாக ஓடியதும் பிழையைக் கண்டுபிடித்துவிட்டது. வருந்துகிறேன்.' அவள் முழுப் பெயரை எழுதியிருந்தான். ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினான்.

திட்டு வரும் என்று காத்திருந்தோம். முதலில் வந்தது பாம்பெர்கிலிருந்து ஒரு சங்கத்துக்காரியின் பதில்: 'அந்த நாற்பது பேரில் நானும் ஒருத்தி. என் பங்கைக் கீழ்வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். பார்த்துச் சொன்னதற்கு நன்றி.' யோரிஸ் அதைப் படித்தார். ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டு, பத்திரிகைக்காரருக்குப் போன் செய்யப் போனார். போகும்போது ஹென்னிங்கின் தோளில் தட்டிவிட்டுத்தான் போனார், அதையும் சொல்ல வேண்டும்.

ஹென்னிங் அந்த ஒரு வரியைத் திருத்தினான். திருத்தி அனுப்பியதும் கேத்தோவின் சோதனை தானாகத் தொடங்கியது. புதிய நகல் இறங்க ஆரம்பித்தது. திரையில் மஞ்சள் வட்டம் சுற்றியது. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. பிப்ரவரியில் எங்களுக்கு மாலை என்பதே அதுதான்.

கேத்தோ தன் மேசைக்குப் போகாமல் அவன் மேசையின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"லிஸ்பன்காரங்களுக்கு இன்னிக்குப் பதில் சொல்லணும்."

"தெரியும்."

"திங்கக்கெழமை உங்கிட்டக் கேட்டேன். பச்சை காட்டின. இப்போ மறுபடி ஓட்டறேன். நான் போகட்டுமா?"

எழுந்து போய்விடுவதுதான் நாகரிகம் என்று எனக்குத் தெரியாதா என்ன. ஆனால் நான் நகரவில்லை.

அவன் வாய் பழக்கத்தில் 'ப' என்று குவிந்தது. அதை அப்படியே விழுங்கினான். காது மடல் வரை சிவந்தது.

"போகாத," என்றான். "நீ போறது எனக்குப் பிடிக்கல. எதிர்ல நீ இல்லாத மேசையை என்னால பாக்க முடியாது. நீ போனா எனக்கு இந்த ஊர்ல ஒண்ணும் இல்ல. அவ்ளோதான்."

கேத்தோ கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவனைப் பார்த்தாள். சோதனை வரிகளைப் படிக்கும்போது அப்படித்தான் பார்ப்பாள்.

"இது இப்போ புதுசா எடுத்ததா? இல்ல, எங்கயாவது சேமிச்சு வச்சிருந்ததா?"

"சேமிச்சு வச்சதுதான்," என்றான் ஹென்னிங். "ஆறு வருஷமா."

இப்படி உருகுவது ஒரு ஃப்ரீஸ்லாந்துக்காரிக்கு நல்லதில்லை. குனிந்து ஏதோ தேடுவதுபோல் மேசைக்கடியில் பார்த்தேன்.

"பாவி," என்றாள் கேத்தோ. "ஆறு வருஷமா பச்சையே காட்டிக்கிட்டு இருந்திருக்க." குரல் உடைந்திருந்தது, ஆனால் சிரிக்கிறாள் என்பதும் தெரிந்தது. தன் மேசைக்குப் போனாள், நின்றபடியே லேப்டாப்பில் தட்டினாள். மூடினாள். "லிஸ்பனுக்கு ரெண்டு வரி எழுதிட்டேன். வரலன்னு. வெயில நினைச்சாத்தான் அழுகை வருது, அதுக்கு நீதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன்."

"இப்போ கீழ வா. இந்த வாரம் நீ காத்து அடிக்கல. வர்ற வழியெல்லாம் பின் டயர் தடதடன்னு ஆடிக்கிட்டே வந்துச்சு."

"திங்கக்கெழமை காலைல பல்வலி, அப்புறம் மனசு சரியில்ல," என்றான் ஹென்னிங், கோட்டை மாட்டிக்கொண்டே. "பம்பு இருக்கு. வா."

இருவரும் படி இறங்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் முற்றத்து விளக்கு எரிந்தது. அவன் பின் டயருக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். அவள் பம்பைப் பிடுங்கிக்கொண்டு, எப்படி என்று காட்டச் சொல்லி, தானே அடித்தாள். மோசமாக அடித்தாள். அவன் வால்வைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள்.

எனக்குப் பின்னால் கெண்டியில் மூன்றாவது தேநீர் ஊறியது. இலையை எடுக்க மறந்துபோய்க் கறுத்துக் கசந்துவிட்டது. ஊற்றிக் குடித்தேன். திரையில் மஞ்சள் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வீடாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது போலும். நான் அவசரப்படுத்தவில்லை.